மினி இல்லாத பக்கம்

பெங்களூர் நீலசந்திராவில் அந்த மூன்று மாடி ஸ்கூலுக்கு எதிரே டீக்கடையில் நின்று காது கொடுத்தால் போதும், இரண்டாம் வகுப்பு எந்த மாடியில் இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும். முப்பத்து நாலு பிள்ளைகள் ஒரே குரலில் இங்கிலீஷ் பாடம் படிப்பார்கள். "திஸ் இஸ் மை கேட்! ஹெர் நேம் இஸ் மினி! மினி லைக்ஸ் மில்க்!" டீக்கடைக்காரருக்கே அந்தப் பாடம் முழுக்க மனப்பாடம். அவர் இங்கிலீஷ் படித்தவர் இல்லை. பதினாலு வருஷமாக அங்கே டீ ஆற்றுகிறார், அவ்வளவுதான்.

பாடம் நடத்துகிறவள் சங்கமித்ரா. நாற்பத்தொரு வயது, குள்ளம், கையில் ஸ்கேல் இல்லாவிட்டாலும் இருப்பது போலவே கேட்கும் குரல். "சங்கமித்ரா மிஸ் கிளாஸ்ல விட்டா புள்ள படிச்சிடும்" என்பது அந்தத் தெருக்களின் தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் சேதி. ஏ செக்‌ஷன் அவளுடையது என்பதால் ஏ செக்‌ஷனுக்குச் சிபாரிசு பிடிப்பவர்கள் கூட உண்டு. அவளுக்கு அதில் கர்வம் இருந்தது. இருக்கட்டுமே, தினமும் நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்து வந்து போகிறவளுக்கு அது கூட வேண்டாமா?

வீடு கோலார் தங்க வயலில், சாம்பியன் சுரங்கத்துப் பக்கத்து லைன் வீடுகளில் ஒன்று. அப்பா சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடிய வருஷம் அவளுக்குப் பதினெட்டு. ஊரே பெங்களூர் ரயிலில் ஏறியது, அவளும் ஏறினாள். முதலில் ஒரு கார்மென்ட்ஸில் பட்டன் வைக்கிற வேலை. பிறகு ஒரு நர்சரியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடுகிற வேலை. அங்கே இருந்துகொண்டே டீச்சர் டிரெயினிங் முடித்தாள். கடைசியில் இந்த ஸ்கூல். அவள் படித்த காலத்திலும் இங்கிலீஷ் என்றால் டீச்சர் ஒரு வரி சொல்ல, வகுப்பு அதைத் திருப்பிச் சொல்ல வேண்டியதுதான். படிப்பது என்றால் அதுதான் என்று நினைத்திருந்தாள். வேறு எப்படி நினைப்பாள்?

ஸ்கூலின் பெரிய திருவிழா பிப்ரவரியில் வரும் ரீடிங் டே. பெற்றோர் எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு பிள்ளையும் புத்தகத்தைப் பிரித்து ஒரு பக்கம் படிக்கும். சங்கமித்ராவின் வகுப்பு தடங்கலே இல்லாமல் படிக்கும். அப்பாக்கள் செல்போனில் வீடியோ எடுப்பார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் கோமளம் மேடம் முதல் வரிசையில் உட்கார்ந்து, கூட வாயை அசைப்பார்.

போன வருஷம் அந்த மேடையில் ஒரே ஒரு பெண் மட்டும் நின்றுவிட்டாள். தர்ஷினி. ஏழு வயது, இரட்டைப் பின்னல், சத்தமே வராத பிள்ளை. மற்றவர்கள் அருவி மாதிரி கொட்டும்போது இவள் மட்டும் வரிக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு உதட்டை மூடிக்கொண்டிருப்பாள். தனியாக எழுப்பினால், "தி... தி... திஸ்..." என்று ஆரம்பிப்பாள். அவள் இரண்டாவது வார்த்தைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும் என்று சங்கமித்ரா "சரி, உக்காரு" என்பாள். மேடையிலும் அதேதான் நடந்தது. ஹால் சிரித்தது.

சட்டப்படி சின்ன வகுப்பில் யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது. ஆனால் பெற்றோர் கையெழுத்தோடு அதே வகுப்பில் உட்கார வைக்கவும், டீசி வாங்கிக்கொண்டு ஸ்கூலை விட்டுப் போகச் சொல்லவும் சட்டம் எதுவும் தேவையில்லை, ஒரு லெட்டர் போதும். ஏப்ரலில் அந்த லெட்டரை எழுதியது சங்கமித்ராதான், குண்டு குண்டான தன் அழகான கையெழுத்தில், இங்கிலீஷில். முதல் வரி: 'தர்ஷினி கேன் நாட் ரீட்.' அடுத்த வரி, அவள் இன்னும் ஒரு வருஷம் இரண்டாம் வகுப்பிலேயே இருப்பாள் என்றது. மூன்றாவது வரி, வருகிற ரீடிங் டேயிலும் படிக்காவிட்டால் பெற்றோர் டீசி வாங்கிக்கொள்ள வேண்டும் என்றது. கோமளம் மேடம் கையெழுத்துப் போட்டு ஸ்கூல் சீல் குத்தினார்.

தர்ஷினியின் அம்மா லாவண்யா செங்கம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. புருஷன் சென்ட்ரிங் வேலைக்கு ஆனேக்கல் பக்கம் போனால் வாரம் ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். அந்த வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தவர் யாருமில்லை. "ஒரு வருஷம் பாக்கலாம்மா, இல்லேன்னா டீசி" என்று ஆபீஸில் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். அவள் தமிழில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தனக்குக் கொடுத்த காப்பியை நாலாக மடித்து ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டாள். "கொஞ்சம் பாத்துக்குங்க மிஸ்" என்றாள் சங்கமித்ராவிடம். சங்கமித்ரா தலையாட்டினாள். தலையாட்டும்போதே அடுத்த பிப்ரவரியில் என்ன நடக்கும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தாள்.

ஜூனில் புதுப் புத்தகம் வந்தது. அட்டையின் நிறம் மாறியிருந்தது. உள்ளே அதே நாலாம் பக்கம், அதே இடத்தில் அதே பூனைப் படம். படத்துக்குக் கீழே இருந்த வரிகளை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதை யாரும் கவனிக்கவில்லை. சங்கமித்ராவே கவனிக்கவில்லை என்பதுதான் விஷயம்.

முதல் நாள் பாடம். அவள் அட்டெண்டன்ஸ் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "பேஜ் ஃபோர். ஃபிங்கர் வைங்க" என்றாள். ரித்விக் ஆரம்பித்து வைத்தான். நல்ல கணீர்க் குரல், அவன் அக்கா போன வருஷத்து ரீடிங் டேயில் முதல் பரிசு வாங்கியவள். "திஸ் இஸ் மை கேட்!" வகுப்பே சேர்ந்துகொண்டது. புது வகுப்புக்கு முதல் நாளே பாடம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அண்ணன் சொல்லித் தந்திருப்பான், டியூஷன் அக்கா சொல்லித் தந்திருப்பாள், ஒன்றுமில்லாவிட்டால் டீக்கடை இருக்கிறது. சங்கமித்ராவும் எழுதிக்கொண்டே கூடச் சொன்னாள். பால் குடித்து, பந்து விளையாடி, பூனை பாதிப் பக்கம் வந்துவிட்டது.

கடைசி பெஞ்சில் ஒரு கை எழுந்தது.

"மிஸ், மினி இல்ல மிஸ்."

"என்னது?"

"இந்தப் பக்கத்துல மினி இல்ல மிஸ். தேடிட்டேன்."

வகுப்பு சிரித்தது. சங்கமித்ராவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. விடுவிடுவென்று போய் தர்ஷினியின் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். 'மை கேட் சேட் ஆன் எ பாக்ஸ். இட் இஸ் எ பிக் ரெட் பாக்ஸ்.' ஒரு தடவை படித்தாள், இன்னொரு தடவை படித்தாள். மினி இல்லை. பாலும் இல்லை, பந்தும் இல்லை. முப்பத்து மூன்று பிள்ளைகளும் ஒரு டீச்சரும் அந்தப் பக்கத்தில் இல்லாத ஒரு பூனையைப் பற்றி ஐந்து நிமிஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். விரல் மட்டும் ஒழுங்காக வரிக்கு வரி நகர்ந்துகொண்டிருந்தது.

அவள் கோபத்தை அப்படியே முழுங்கினாள். போர்டில் 'மில்க்' என்று இங்கிலீஷில் பெரிதாக எழுதினாள். "இது என்ன?" ஒரு கையும் எழவில்லை. சற்று முன்புதான் அந்த வார்த்தையைக் கத்திய ரித்விக், "மிஸ், அது எந்தப் பாடத்துல வருது மிஸ்?" என்று கேட்டான். கடைசி பெஞ்சில் தர்ஷினி மட்டும் காற்றில் விரலை வைத்து, தனக்குத்தானே, "ம்... மி... ல்..." என்று முனகிக்கொண்டிருந்தாள். வெகுநேரம் ஆனது. "மில்க்கு" என்றாள். போன வருஷம் முழுக்கப் பழைய புத்தகத்தின் மினி பக்கத்தை விரலால் துழாவிக்கொண்டிருந்தவள். பாட்டாகப் பாட வராததால் எழுத்தைப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

இடைவேளையில் சங்கமித்ரா படிக்கட்டில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தியை நிறுத்தினாள். நாலு வருஷத்துக்கு முன் அவளிடம் படித்தவள், ரீடிங் டேயில் கப்பு வாங்கியவள். சுவரில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் நோட்டீஸைக் காட்டி, "இதைப் படிம்மா" என்றாள். அந்தப் பெண் நோட்டீஸைப் பார்த்தாள், மிஸ்ஸைப் பார்த்தாள். "மிஸ், இதை இன்னும் எங்களுக்கு நடத்தல மிஸ்" என்றாள்.

அன்று சாயங்கால ரயிலில் சங்கமித்ரா வாயே திறக்கவில்லை. அந்தப் பெட்டியில் எல்லாரும் சீசன் டிக்கெட் ஆட்கள், வருஷக்கணக்காக எதிரெதிரே உட்காருகிறவர்கள். கீரை ஆய்வார்கள், பட்டாணி உரிப்பார்கள், தூங்குவார்கள். எதிர் சீட்டு ஆரோக்கியசாமி ஒரு செருப்புக்கடையில் வாட்ச்மேன். ஒயிட்ஃபீல்டு தாண்டியும் அவள் பேசாமலிருப்பதைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா டீச்சரு, எவன்னா இன்னா சொன்னான்?"

"யாரும் ஒண்ணும் சொல்லலண்ணா. பதினாலு வருசமா நான் யாருக்குமே படிக்கச் சொல்லித் தரல. பாடத்தான் சொல்லித் தந்திருக்கேன்."

"அதுக்கு ஏன் அழுவுற? இனிமே சொல்லிக் குடு."

கேட்கச் சுலபமாகத்தான் இருந்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மனதில் உறுத்தியது பதினாலு வருஷம் மட்டுமல்ல, ஏப்ரலில் எழுதிய அந்த முதல் வரி. வகுப்பிலேயே எழுத்தைப் பார்க்கிற ஒரே பிள்ளையைப் பற்றி அவள் எழுதி, சீல் வைத்து, அம்மாவின் கையில் கொடுத்தாயிற்று.

மறுநாள் கோமளம் மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னாள். மேடம் கெட்டவர் இல்லை. ஸ்கூலை ஓட்டுகிறவர். "சங்கமித்ரா, பதினாலு வருஷம் நல்லாத்தானே போச்சு? இப்ப எதுக்கு இதைப் போட்டுக் கிளறுறீங்க?" என்றார்.

"தர்ஷினி லெட்டரை வாபஸ் வாங்கிக்கலாம் மேடம். நான் தப்பா எழுதிட்டேன்."

"ஒரு வார்த்தை படிச்சதுக்கா? ரெக்கார்டுல ஏறிடுச்சும்மா. ரீடிங் டே அன்னிக்கு எல்லார் முன்னாடியும் படிக்கட்டும், நானே கிழிச்சுப் போடறேன். படிக்கலேன்னா நீங்க எழுதினபடிதான்."

நீங்க எழுதினபடிதான். அந்த வார்த்தை படியிறங்கும்போதும் கூடவே வந்தது. பிப்ரவரிக்கு எட்டு மாதம் இருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பில் கத்திப் படிப்பது நின்றது. 'எம்' என்று எழுத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, 'ம்' என்று அதன் சத்தத்தைச் சொல்ல வேண்டும் என்றாள். படத்தைக் கையால் மூடச் சொன்னாள். கடைசி வரியை முதலில் படிக்கச் சொன்னாள். பழைய பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா? ஒரு பையன் 'பாக்ஸ்' என்ற வார்த்தையைப் பார்த்து "மினி" என்பான். அவளுக்கே வரி பாதியில் பாட்டு வந்துவிடும், நாக்கைக் கடித்துக்கொள்வாள். எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியாதபோதெல்லாம் கடைசி பெஞ்சில் போய் தர்ஷினியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் எங்கே நிற்கிறாள், எங்கே விரலைத் திருப்பிக் கொண்டுபோகிறாள் என்று பார்ப்பாள். அந்தப் பிள்ளை சிக்குகிற இடத்தில்தான் மறுநாள் பாடம் ஆரம்பிக்கும்.

எழுத்து அட்டைகள் நிறைய வேண்டியிருந்தன. ஆரோக்கியசாமி கடையிலிருந்து செருப்பு டப்பாக்களை அமுக்கிக் கட்டித் தூக்கி வந்தார். கே.ஆர். புரத்திலிருந்து பங்காரப்பேட்டை வரை அந்தப் பெட்டியே கத்தரிக்கோலும் கையுமாக இருந்தது. கீரைக்குப் பதில் எழுத்து. ஒருநாள் ஆரோக்கியசாமி மூன்று அட்டைகளை மடியில் அடுக்கி வைத்து, "டீச்சரு, இது பஸ்ஸா?" என்று கேட்டார். பஸ்தான். இத்தனை வருஷம் பஸ்ஸின் போர்டை நம்பரை வைத்தே கண்டுபிடித்தவர், அன்று மாலூர் வரை அந்த மூன்று அட்டைகளைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை.

ஆனால் ஸ்கூலில் வேறு கதை. கோமளம் மேடம் வராந்தாவில் நடந்துகொண்டே பாடம் நடக்கிறதா என்று பார்க்கிறவர். சத்தம் வருகிற வகுப்பில் பாடம் நடக்கிறது, சத்தமில்லாத வகுப்பில் டீச்சர் செல்போன் பார்க்கிறாள் என்பது அவர் கணக்கு. இரண்டு ஏ-யில் சத்தமே இல்லை. டீக்கடைக்காரர் கூட, "இங்கிலீஷ் மிஸ் லீவா?" என்று விசாரித்தார். செப்டம்பரில் ரித்விக்கின் அம்மா நேராக வகுப்புக்கே வந்துவிட்டாள்.

"மிஸ், எம்பையன் ஜூன்ல கடகடன்னு படிச்சான். இப்ப ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்னு நின்னு முழிக்கிறான். ஏத்தி விடுவீங்கன்னு பாத்தா எறக்கி விட்டுட்டீங்களே!"

"ஜூன்ல அவன் படிக்கலம்மா. இப்பத்தான் படிக்கிறான்."

"அப்ப நாங்க வீடியோ எடுத்ததெல்லாம்?"

அந்த வாரம் மூன்று பேர் பி செக்‌ஷனுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். பி செக்‌ஷனில் பூனை இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தது.

தர்ஷினி என்னவோ ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். வேகம் இல்லை. ஆனால் ஒரு தடவை கண்டுபிடித்த வார்த்தையை மறக்க மாட்டாள். அக்டோபரில் அரைப் பக்கம். டிசம்பரில் முழுப் பக்கம், ஆனால் ஆறு நிமிஷம். ஹாலில் நூற்றைம்பது பேர் முன்னால் ஆறு நிமிஷம் யார் பொறுப்பார்கள்? நாலாம் நிமிஷமே முதல் வரிசையிலிருந்து யாராவது அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே இன்னொருவர். ஹாலே சேர்ந்து பாட ஆரம்பித்தால் இந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்வாள், போன வருஷம் மாதிரியே. பி செக்‌ஷனும் இதற்குள் புதுப் பாடத்துக்கு மாறி, அதுவும் தெருவெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டிருந்தது.

ஜனவரியில் சங்கமித்ரா ஒரு யோசனையோடு ஆபீஸுக்குப் போனாள். "மேடம், இந்தத் தடவை புத்தகம் வேண்டாம். வீட்டுல இருக்கிற ஏதாவது ஒரு இங்கிலீஷ் பேப்பரைக் கொண்டுவரச் சொல்லுவோம். மருந்துச் சீட்டு, பிஸ்கட் கவர், கல்யாணப் பத்திரிகை, எது வேணாலும். பிள்ளைங்க அதைப் படிக்கட்டும்."

"சங்கமித்ரா, உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? நாலு பேர் படிக்காம நின்னா?"

"நிப்பாங்க மேடம். ஆனா படிக்கிறவங்க நிஜமா படிப்பாங்க. எதிர்த் தெரு ஸ்கூல்ல இதைச் செய்ய முடியாது."

கடைசி வாக்கியத்தைக் கெட்டிக்காரத்தனமாகச் சேர்த்திருந்தாள். எதிர்த் தெரு ஸ்கூலில் ரோபோ கிளாஸ் ஆரம்பித்ததிலிருந்து கோமளம் மேடத்துக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. "உங்க கிளாஸ் மட்டும்தான்" என்று விரலை நீட்டினார். "ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா அடுத்த வருஷம் நீங்க எல்.கே.ஜி.தான், சொல்லிட்டேன்."

பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை. ஹாலில் ஃபேன் சுற்றியும் வியர்த்தது. பெற்றோர் கையில் விதவிதமான காகிதங்கள். ஒருத்தி பருப்புப் பாக்கெட்டின் வாயைத் தைத்து அப்படியே கொண்டுவந்திருந்தாள். முதல் பிள்ளை மாத்திரை அட்டையைப் பிடித்துக்கொண்டு, "கீப்... இன்... எ... கூல்... டிரை... பிளேஸ்" என்று முடித்தபோது ஒரு தாத்தா எழுந்து நின்று, "அதான் ஃபிரிட்ஜுல வெச்சேன்!" என்றார். ஹால் சிரித்தது. அது வேறு சிரிப்பு.

எல்லாம் சுபமாக நடந்துவிடவில்லை. ஐந்து பிள்ளைகள் ஒரு வார்த்தைக்கு மேல் போகவில்லை. ஒருத்தி அழுதுகொண்டே இறங்கினாள். ரித்விக் பிஸ்கட் கவரோடு வந்தான். பழைய கணீர்க் குரல் இல்லை, நின்று நின்றுதான் படித்தான். ஆனால் கவரில் இருந்ததைப் படித்தான். அவன் அம்மா செல்போனைத் தூக்கிப் பிடித்தவள், பாதியிலேயே கீழே இறக்கிவிட்டு வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே வகுப்பில் தங்கிவிட்ட பிள்ளையின் பெயர் ரிஜிஸ்டரில் கடைசியில் வரும். அதனால் தர்ஷினி கடைசி. கம்பெனி யூனிஃபார்மிலேயே வந்திருந்த லாவண்யா பிளாஸ்டிக் கவரைத் திறந்து, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மகள் கையில் கொடுத்தாள். மேடையோரம் நின்ற சங்கமித்ரா அந்தத் தாளின் மூலையில் ஊதா நிற சீலைப் பார்த்தாள். அடுத்து அந்தக் குண்டு கையெழுத்தைப் பார்த்தாள்.

"லாவண்யா, இதையா கொண்டாந்தீங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"வீட்டுல இங்கிலீஷ் பேப்பரு நெறைய இருக்கு மிஸ். இதுலதான் அவ பேரு இருக்கு. அவ பேரு எப்படி இருக்கும்னு எனக்கு அடையாளம் தெரியும்" என்றாள் லாவண்யா, கொஞ்சம் பெருமையாகவே.

கை நீட்டி அந்தத் தாளை வாங்கிவிடலாம். மேஜையில் பிஸ்கட் கவர் கிடந்தது, அதைக் கொடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது. நூற்றைம்பது பேர் முன்னால் ஒரு பிள்ளை தன்னைப் பற்றி இப்படிப் படிக்க வேண்டுமா? சங்கமித்ராவின் கை நீண்டும்விட்டது. ஆனால் தர்ஷினி அதற்குள் முதல் வார்த்தையின் கீழே விரலை வைத்துவிட்டாள். விரல் வைத்த பிறகு அவளை நிறுத்தக் கூடாது என்பது இந்த எட்டு மாதத்தில் சங்கமித்ரா கற்ற பாடம். கையை இழுத்துக்கொண்டாள்.

"தர்ஷினி" என்றாள் தர்ஷினி, சட்டென்று. அது சுலபம்.

"கே... கேன். கேன். நா... ட். நாட்."

எடுத்துக் கொடுக்க யாருக்கும் வழியில்லை. அந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். கோமளம் மேடம் முதல் வரிசையில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டிருந்தார்.

"ரீ... ரீட். தர்ஷினி கேன் நாட் ரீட்."

இங்கிலீஷ் தெரிந்த பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தர்ஷினி நிமிரவில்லை. வரி முடிந்தால் அடுத்த வரிக்குப் போக வேண்டும், அவள் போனாள். 'டூ' என்ற எண்ணில் சிக்கவில்லை, 'பேரண்ட்ஸ்' என்ற இடத்தில் மூன்று தடவை திரும்பிப் போனாள், 'டீசி'யை இரண்டு எழுத்தாகச் சொன்னாள். மூன்று வரிக்கும் நாலரை நிமிஷம் ஆனது. கடைசியில் சீலில் இருந்த ஸ்கூல் பெயரையும் விடாமல் படித்தாள். பிறகு தாளை இறக்கிவிட்டு மிஸ்ஸைப் பார்த்தாள்.

யாருக்கும் கைதட்டத் தோன்றவில்லை. லாவண்யா இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோய்க் கேட்டாள். "என்ன மிஸ் எழுதியிருக்கு அதுல?"

சங்கமித்ரா ஹாலுக்கே கேட்கும்படி சொன்னாள். "தர்ஷினிக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கும்மா. எழுதினது நான்தான்."

லாவண்யா அவளைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"அதத்தான மிஸ் இப்ப அவளே படிச்சா?"

எங்கேயோ பின்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான், ஹாலே சிரித்தது, கூடவே கைதட்டல், விசில் வேறு. ரித்விக் பெஞ்சின் மேல் ஏறி நின்று தட்டினான். கோமளம் மேடம் எழுந்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார்.

"அதை இப்படிக் குடும்மா" என்று கை நீட்டினார். "கிழிச்சுப் போடறேன்னு சொல்லியிருந்தேன்."

லாவண்யா தாளை மகள் கையிலிருந்து வாங்கித் தன் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "வேணாம் மேடம். ஆபீஸ்ல இருக்கிறதக் கிழிச்சுக்குங்க. இத நாங்க வெச்சுக்கிறோம். எம்பொண்ணு மொதமொதல்ல படிச்ச பேப்பரு."

தன் கையால் எழுதிய அந்த வரி இனி என்றைக்கும் அந்த வீட்டில் ரேஷன் கார்டோடு இருக்கப் போகிறது என்று சங்கமித்ராவுக்கு உறைத்தது. கேட்டு வாங்கிக் கிழிக்கத் தனக்கு உரிமை இல்லை என்றும் தெரிந்தது. "ஒரு நிமிஷம் குடுங்கம்மா, கிழிக்க மாட்டேன்" என்றாள். மேஜைமேல் தாளை விரித்து, சீலுக்குக் கீழே இருந்த இடத்தில் அதே குண்டு கையெழுத்தில் இன்னொரு வரி எழுதி, தேதி போட்டு, தன் முழுப் பெயரையும் எழுதினாள்.

தர்ஷினி மேஜை விளிம்பில் முகவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மை காய்வதற்குள் விரல் வந்துவிட்டது.

"தர்ஷினி... கேன்... ரீட்." நின்றாள். மேலே இருந்த முதல் வரிக்கு விரலைக் கொண்டுபோனாள், திரும்பக் கீழே வந்தாள்.

"மிஸ், இதுல 'நாட்' இல்ல மிஸ். தேடிட்டேன்."

"இல்லடா கண்ணு. எடுத்தாச்சு" என்றாள் சங்கமித்ரா.